கூலியில்லாப் பேனா

1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், அமெரிக்க நாட்டில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏட்டின் பெயர் 'டிரையாங்கிள்'. முக்கோணம் என்று பொருள். கட்டுரையின் தலைப்பு 'ஒரு புதிய ஆட்டம்'. எழுதியவர் அப்பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். வெளியே பனிக்காலம், உள்ளே, உடற்பயிற்சி என்றாலே முகம் சுளிக்கும் 18 மாணவர்கள். அவர்களைக் கட்டி மேய்ப்பதற்காக முந்திய மாதம்தான் அவர் ஓர் ஆட்டத்தை அமைத்திருந்தார். பீச்சுப் பழக் கூடை இரண்டைப் பத்தடி உயரத்து மாடத்தின் விளிம்பில் அடித்து மாட்டினார். 13 விதிகளைச் சுவரில் ஒட்டினார். கால்பந்து ஒன்றைக் கையில் கொடுத்து ஆடச் சொன்னார். முதல் ஆட்டத்தில் கூடையில் விழுந்தது ஒரே ஒரு பந்து. அந்த 13 விதிகளும் 'முக்கோண'த்தில் அச்சேறின. ஏடு மற்ற ஊர்களுக்குச் சென்றது. ஆட்டமும் அதன் முதுகில் ஏறிச் சென்றது.

பேரவை நண்பர்களே, இன்று உலகம் முழுவதும் ஆடப்பெறும் கூடைப்பந்தாட்டம் வெளியூருக்குப் புறப்பட்ட வண்டி, ஒரு பள்ளிக்கூடத்துச் சிற்றேடுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டாகிறது. ஏனெனில் எங்கள் கூடைப்பந்துத் திடலின் ஓரத்திலும் ஓர் ஏடு உண்டு. அதை நடத்தும் ஐவரில் நானும் ஒருவன்.

ஏடு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டா. நான்கு தாள், கையெழுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை மாலை, பலகையில் குத்தப்படும். மழை வந்தால் நனையும். காற்று வந்தால் மூன்றாம் பக்கம் மட்டும் பறந்துபோய் நூலகத்துப் படியில் கிடக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சி மாணவராக இருந்த மூத்த அண்ணன் ஒருவர் தொடங்கிவைத்தார். விடுதிகளுக்கிடையே நடக்கும் ஆட்டங்களின் செய்தி, பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிய குறிப்பு, விதிகளில் ஐயமும் விளக்கமும், கொஞ்சம் வம்பு: இவையே உள்ளடக்கம். முழுவதும் தமிழ். எழுதுவோர் அனைவரும் தாமாக முன்வந்தோர். கூலி, தேநீர் ஒன்று. அதுவும் பலமுறை கடன்.

அண்ணன் பட்டம் பெற்று வெளிநாடு போனார். ஏடு எங்கள் தலையில் இறங்கியது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தாளும் பசையும் கிடைப்பது போல எழுத ஆள் கிடைப்பதில்லை என்பது.

தன்னார்வம் என்பது பருவக்காற்றைப் போன்றது. ஆகஸ்டு மாதத்தில் புதிய மாணவர்கள் வந்ததும் 11 பேர் பெயர் கொடுப்பார்கள். அவர்கள் கண்ணில் அப்போது ஒளி வீசும். "ஆண்டு முழுவதும் எழுதுகிறேன்" என்பார் ஒருவர். "தனிமலரே போட்டுவிடலாம்" என்பார் இன்னொருவர். செப்டம்பரில் நால்வர் இருப்பர். அக்டோபரில் இடைத் தேர்வு வரும்; நவம்பரில் பலகைக்கு முன் நாங்கள் ஐவரும் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்போம். வழியில் எதிர்ப்படும் பெயர் கொடுத்தவர்கள் எங்களைக் கண்டதும் சைக்கிளை வேறு பக்கம் திருப்புவார்கள். கடன்காரனைக் கண்டவர் ஓடுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். கட்டுரைக் கடனுக்கும் அதே ஓட்டம்தான்.

எழுதுபவர்களும் என்ன எழுதினார்கள்? பத்துப் பேரில் ஏழு பேர் மைக்கேல் ஜார்டனைப் பற்றி எழுதினார்கள். பிறந்த ஆண்டு, பெற்ற வெற்றிகள், சேர்த்த புள்ளிகள். எல்லாம் உண்மை, எல்லாம் கையிலிருக்கும் செல்பேசியில் நொடியில் கிடைப்பவை. அதைப் படிக்க ஒருவன் வேர்வை வழியும் சட்டையோடு பலகைக்கு முன் ஏன் நிற்க வேண்டும்? நிற்கவில்லை.

"எழுதுங்கள், எழுதுங்கள்" என்று பொதுவாகக் கூவுவதை நாங்கள் நிறுத்தியது தற்செயலாகத்தான். எங்கள் விடுதியில் பௌதிக மாணவர் ஒருவர் உண்டு. பந்தைத் தொட்டவரே அல்லர். ஒரு நாள் உணவுக்கூடத்தில் அவரிடம், "ஏனப்பா, பந்தை உயர்த்தி எறி, உயர்த்தி எறி என்று பயிற்சியாளர் கத்துகிறாரே, அதில் ஏதேனும் பொருள் உண்டா?" என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன், கட்டுரை கேட்கவில்லை. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினார். நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம். கொஞ்சம் சாய்த்தார், நீள்வட்டம். மேலும் சாய்த்தார், கோடு. "பந்தின் கண்ணுக்கு வளையம் இப்படித்தான் தெரியும்" என்றார். பிறகு கை கழுவவே மறந்து கணக்குப் போட ஆரம்பித்தார்.

வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆடவர் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. பந்து செங்குத்தாக இறங்கினால் இரு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது. 45 பாகைச் சாய்வில் வந்தால், பந்துக்கு எதிரே திறந்திருக்கும் வாயின் அகலம் 32 சென்டிமீட்டர். 30 பாகையில் வந்தால் இருபத்திரண்டரைதான். 24 சென்டிமீட்டர் பந்து இருபத்திரண்டரை வாயில் எப்படி நுழையும்? விளிம்பில் மோதியே தீரும். ஆகவே ஏறத்தாழ 32 பாகைக்குக் குறைந்தால், எவ்வளவு குறி பார்த்து எறிந்தாலும், வளையத்தைத் தொடாமல் பந்து உள்ளே போகவே முடியாது. இவ்வளவையும் தட்டுப் படத்தோடு ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் திங்கட்கிழமை பலகைக்கு முன் கூட்டம் நின்றது. மறுநாள் திடலில் பையன்கள் பந்தை வானத்துக்கு எறிந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பந்து பலகைக்கு அப்பால் விழுந்தது என்பது வேறு கதை.

இதிலிருந்து ஒன்று எங்களுக்குப் பிடிபட்டது. 'யாரேனும் எழுதலாம்' என்றால் யாரும் எழுதார். 'இந்த ஒரு கேள்விக்கு நீ ஒருவன்தான் விடை சொல்ல முடியும்' என்றால் மனிதன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதுவான். அதன் பின் நாங்கள் கட்டுரை கேட்பதை விட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினோம். இரசாயன மாணவியிடம், பழைய பந்து ஏன் கை வழுக்குகிறது என்று கேட்டோம். உளவியல் படிப்பவரிடம், தனி எறியின்போது திறமைசாலிக்கும் ஏன் கை நடுங்குகிறது என்று கேட்டோம்.

அவர் எழுதிவந்தது எங்களில் சிலரை உறங்கவிடாமல் செய்தது. தனி எறியில் பெயர் பெற்றவர் ரிக் பாரி. இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து, குழந்தை குடத்தைத் தூக்கி வீசுவது போலக் கீழிருந்து எறிவார். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் அவர் எறிந்தவை உள்ளே போயின. வில்ட் சேம்பர்லின் என்னும் மாமல்லர் 1962 மார்ச்சு 2-ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தாரே, அந்தக் காலத்தில் அவரும் கீழிருந்தே எறிந்தார். அன்று 32 தனி எறிகளில் 28 விழுந்தன. பிறகு அந்த முறையை விட்டுவிட்டார். விட்டபின் எறி கெட்டது. வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தால் பாதியளவே தேறியது. ஏன் விட்டார்? பார்ப்பவர்கள் கண்ணுக்கு அசடாகத் தெரிகிறோம் என்ற கூச்சம். ஏழடி உயரம், நிகரற்ற வலிமை, எதிரே நிற்க எவரும் அஞ்சும் ஆள். அவரையும் கூச்சம் வென்றுவிட்டது!

இந்தக் கட்டுரையைப் படியெடுக்கும்போது எனக்கு ஆட்டக்காரர்கள் நினைவு வரவில்லை. எழுத மறுத்த நண்பர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். "எனக்கு எழுத வராது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர்க்கு எழுத வரும். அசடாகத் தெரிவோமோ என்பதுதான் அவர்கள் அச்சம். அறிவியல் படிக்கும் நமக்கு அந்த அச்சம் இன்னும் மிகுதி. பன்னிரண்டு ஆண்டு தமிழில் மதிப்பெண் வாங்கியிருப்போம். சொந்தமாக ஒரு பக்கம் எழுதியிருக்க மாட்டோம்.

பெரியகுளத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கும் அக்கா ஒருவர். "உங்கள் ஊரில் ஆண்டுதோறும் கூடைப்பந்துப் போட்டி நடக்குமாமே?" என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் பேசினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மே மாதந்தோறும் அங்கே அகில இந்தியப் போட்டி நடக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி வரும். தரைப்படை, கடற்படை அணிகள் வரும். மே மாதம் அந்த ஊரில் மாம்பழக் காலம். பகலில் மாங்காய் மண்டியில் இருப்பவர்கள் மாலையில் விளக்கொளியில் ஆட்டம் பார்க்க வந்துவிடுவார்களாம். "எங்க அப்பத்தாவுக்கு 'டிராவலிங்' எதுன்னு தெரியும். நடுவர் ஊதுறதுக்கு முன்னாடி அது ஊதிடும்" என்றார். நகரங்களே கிரிக்கெட்டில் மூழ்கிக் கிடக்கும் நாட்டில், கொடைக்கானல் மலையடிவாரத்து ஊர் ஒன்று கூடைப்பந்துக்கு இப்படி மயங்கியது எப்படி? 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனபோது பெட்டியில் விதிப் புத்தகமும் போயிற்று. பிறகு அந்தந்த ஊர்ச் சங்கங்கள் அதைத் தம் திருவிழாவாகவே ஆக்கிக்கொண்டன.

அக்கா பேசியதை அப்படியே எழுதித் தரச் சொன்னோம். மூன்று நாள் கழித்துத் தந்தார். அப்பத்தா, மாங்காய், நடுவர் எல்லாம் இருந்தன. அது எங்கள் 'பிழை திருத்துவோர்' கைக்குப் போயிற்று. அவர் நல்ல தமிழறிவு உடையவர். எங்கள் எல்லாரையும்விட இலக்கணம் தெரிந்தவர். அதுவே ஆபத்தாயிற்று. அப்பத்தா 'பாட்டியார்' ஆனார். 'ஊதிடும்' என்பது 'சீழ்க்கை ஒலி எழுப்பிவிடுவார்' ஆயிற்று. பலகையில் தம் கட்டுரையைப் பார்த்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை கேட்டபோது, "ஆய்வகத்தில் வேலை இருக்கிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் நூல் தமிழில் சொன்னார். அப்போதே புரிந்தது.

அன்றிரவு எங்கள் அறையில் நடந்த சண்டை இப்பேரவை வரலாற்றில் இடம்பெறத் தக்கது. "தரம் என்று ஒன்று வேண்டாமா?" என்றார் திருத்தியவர். "அப்பத்தாவின் தரம் உனக்கு எட்டாது" என்றார் பௌதிகர். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. பிழைபட்ட செய்தியைக் கூலியில்லாமல் எழுதினார் என்பதற்காக விட்டுவிட முடியாது. புள்ளிக் கணக்கில் ஒன்று தவறினாலும் திடலில் எங்களை உரித்துவிடுவார்கள். ஆனால் ஒருவர் பேச்சின் வாசனையைக் கழுவிவிட்டால் அவரிடம் மீதி என்ன இருக்கிறது? கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். எண், பெயர், விதி: இவற்றில் இரக்கமே கூடாது. சொல்லில் கைவைப்பதாயின் எழுதியவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டுதான் வைக்க வேண்டும். அக்காவின் முதற்படியைத் தேடி எடுத்து அப்படியே மறுபடி ஒட்டினோம். பிழை திருத்துவோரே தம் கையெழுத்தில் படியெடுத்தார். அக்கா அதன் பிறகு ஆறு முறை எழுதியிருக்கிறார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை வீராங்கனை அனிதா பால்துரையைப் பற்றி அவர் எழுதியது எங்கள் ஏட்டில் வந்தவற்றுள் மிகச் சிறந்தது என்பது என் கட்சி.

இனி நான் சொல்லப்போவதை, இவ்வூரில் நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்போர் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் அண்ணா ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவர். அலசூரில் பிறந்து வளர்ந்த தமிழர். 2017 ஜூலையில் இந்தப் பெங்களூரிலேயே, ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில், மகளிர்க்கான ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அதன் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதற்பிரிவுக்கு ஏறியது. முதற்பிரிவு இறுதியில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை வென்றதும் 74-73 என்றுதான். ஓர் ஆட்டம் இரண்டு புள்ளியில், மற்றொன்று ஒரே புள்ளியில்! அண்ணா தம் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இந்தியாவின் இறுதியாட்டத்தைப் பார்த்தவர். கடைசி நிமிடத்தில் மகள் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்த கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். "எழுதித் தாருங்கள் அண்ணா" என்றேன்.

"தம்பி, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாது. நான் படிச்சது கன்னடப் பள்ளிக்கூடம்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் பலர் நிலை அதுதான். நமக்குத்தான் அது புதுச் செய்தி. நான் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். திங்கட்கிழமை மாலை பலகையில் ஏறியது. மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் அண்ணா பலகைக்கு முன் நின்றார். தம் கதை எந்தத் தாளில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அருகில் நின்ற முதலாண்டுப் பையன் ஒருவன் படித்துக் காட்டினான். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் அணியில் தும்கூரிலிருந்து வந்த கன்னட நண்பர் ஒருவர் உண்டு, நடு ஆட்டக்காரர். பலகையில் தம் பெயர் எங்கோ வருகிறது என்று அவருக்கு நெடுநாளாக ஐயம். என்னைக் காணும்போதெல்லாம், "நன்ன பக்கே ஏனு பர்தித்தீரா?" என்று கேட்பார். 'என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?' என்பது. ஒவ்வொரு முறையும் நல்லதாகவே மொழிபெயர்த்துச் சொல்லி வந்தேன். அண்ணாவின் செய்தியை அவரிடம் சொன்னதும், "கொடு" என்றார். நான் தமிழில் படிக்க, அண்ணாவின் கதையைக் கன்னட எழுத்தில் ஒரு பக்கம் எழுதினார். அதைத் தமிழ்த் தாளுக்குப் பக்கத்தில் குத்தினோம்.

'தமிழ் ஏட்டில் கன்னடமா?' என்று நம் நண்பர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். 'இங்கே தமிழ் ஏடு எதற்கு?' என்று வேறு சிலர் முன்பே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு முணுமுணுப்பும் பலகைக்கு முன் எதிரெதிரே நின்றபோது ஒன்றையொன்று பார்த்துக் கொஞ்சம் கூசியிருக்க வேண்டும். அண்ணா தம் கதையைத் தாமே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அன்று மாலை மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு இப்போது பதினைந்து வயதிருக்கும். அவளும் கன்னடத் தாளைத்தான் படித்தாள். பிறகு தமிழ்த் தாளைக் காட்டி, "இதில் என் பேர் எது?" என்று என்னைக் கேட்டாள். மூன்று எழுத்து. காட்டினேன். அந்தப் பக்கம் இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது. கன்னடப் பகுதி நிலைத்துவிட்டது. தும்கூர் நண்பர் எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காகக் கட்டுரை தருகிறார்.

இதற்கிடையே நாகரிகமான யோசனை ஒன்றும் வந்தது. "எதற்கு இத்தனை பாடு? செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் நான்கு பக்கம் நான்கு நொடியில் எழுதித் தருமே!" என்றார் கணினித் துறை நண்பர். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உதவ வேண்டும் என்றே சொன்னார். தேர்வுக் காலம், ஆள் இல்லை, ஒரு முறை செய்து பார்க்கலாம் என்று பெரும்பான்மை முடிவாயிற்று. அவர் ஆட்ட அட்டவணையைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் செய்தியை வாங்கிவந்தார். நடை வழவழப்பாக இருந்தது. எங்கள் விடுதி கடைசி நொடியில் வென்றதாகவும், 'அரங்கமே அதிர்ந்ததாகவும்' எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை. ஆட்டமே நடக்கவில்லை. நாங்கள் எல்லாரும் அறையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம்.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. அது என் ஆய்வில் நாள்தோறும் துணை செய்கிறது. கேட்டதைக் கொடுத்தது, மழையைப் பற்றி அதனிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அண்ணாவின் தலைமயிரை யார் இழுத்தார்கள் என்பதை அதனிடம் யார் போய்ச் சொல்வது? சொல்லத் தெரிந்தவன் எழுதியே விடலாமே. அந்தத் தாளைப் பலகையில் ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக, 'மழை. பஜ்ஜி' என்று இரண்டு சொல்லைப் பெரிதாக எழுதி ஒட்டினோம். நண்பர்கள் அதை இன்றுவரை புகழ்கிறார்கள். எங்கள் உழைப்புக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு என்ன வேண்டும்!

கூலியில்லாத பேனாக்களைக் கொண்டு ஏடு நடத்திய பெரியவர்களைப் பற்றி இந்நாட்களில் படித்துவருகிறேன். முதலில் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' என்னும் ஏட்டைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிக்கு மேல் அச்சிடுவதில்லை, கடையில் தொங்கவிடுவதில்லை என்று எடுத்த எடுப்பிலேயே அறிவித்தார். எழுதியவர்களுக்குச் சன்மானம் தரும் நிலை அந்த ஏட்டுக்கு இல்லை. ஆயினும் டெல்லியிலிருந்து வெங்கட் சாமிநாதன் எழுதினார். இலங்கைத் திருகோணமலையிலிருந்து இருபது வயதுத் தருமு சிவராமு எழுதினார். இன்று புதுக்கவிதையின் முன்னோர் என்று நாம் படிப்போரில் பலர் அந்தப் பக்கங்களில் வளர்ந்தவர்கள். காரணம் என்னவாக இருக்கும்? வேறெங்கும் வாங்க மறுப்பதை இங்கே ஒருவர் வாங்கிப் படித்து விடையும் எழுதுவார் என்ற நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன். 1970-இல் ஏடு நின்றது. பதினோராண்டு ஒரு மனிதர் சுமந்தார். அவர் தோள் தளர்ந்தபோது சுமையை மாற்றிக்கொள்ள வேறு தோள் இல்லை. செல்லப்பாவை நான் வணங்குகிறேன். ஆனால் அவரைப் போல நடத்த வேண்டும் என்று எவருக்கும் சொல்ல மாட்டேன்.

நம் பெங்களூரிலிருந்தே 'படிகள்' என்ற சிற்றேடு வந்திருக்கிறது. தமிழவன் முதலியோர் கூடி நடத்தியது. இவ்வூரில் தமிழில் எழுதிக் கூட்டாக ஏடு நடத்துவது நாம் கண்ட புதுமை அன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

செல்லப்பா முறைக்கு நேர் எதிர் தமிழ் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் தொடக்க நாட்களில் ஏறக்குறையத் தனியாகவே எழுதிக் குவித்தார்; பின்னர் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதும் பெற்றார். ஆனால் அவர் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் அது அவருடைய நாட்குறிப்பாக முடிந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் அவர் எழுதியதைத் திருத்தினார்கள், அடித்தார்கள், நீட்டினார்கள். அதை அவர் பொறுத்தார். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. தொடங்கியவன் தன் எழுத்தை மற்றவன் அடிக்க விடுவது எளிய செயலன்று. எங்கள் ஏட்டைத் தொடங்கிய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அவ்வப்போது பலகையின் புகைப்படம் கேட்பார். கன்னடப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் விடை எழுதவில்லை. பிறகு, "நடு ஆட்டக்காரரை இன்னும் கொஞ்சம் புகழலாம்" என்று மட்டும் எழுதினார்.

எங்கள் ஏட்டுக்கு இப்போது நெருக்கடி வந்திருக்கிறது. வரும் மே மாதத்தோடு ஐவரில் மூவர் படிப்பை முடித்துக்கொண்டு போகிறோம். பௌதிகர் போகிறார், பிழை திருத்துவோர் போகிறார், நான் போகிறேன். பெரியகுளத்து அக்கா ஆய்வேடு எழுதும் ஆண்டில் நுழைகிறார். மாதம் ஒன்றுக்கு மேல் அவரிடம் கேட்பது பாவம். பட்டமேற்படிப்பு இரண்டே ஆண்டு. முதலாண்டு நாணத்தில் கழிகிறது. இரண்டாமாண்டு அவசரத்தில் கழிகிறது. நடுவில் இருக்கும் ஏழெட்டு மாதத்தில்தான் ஒருவனிடமிருந்து எழுத்தைப் பறிக்க வேண்டும். ஆகஸ்டில் பெயர் கொடுத்த 11 பேரை நம்பி ஏட்டை விட்டுச் செல்ல எனக்குத் துணிவில்லை.

ஆதலால் போவோர் ஒவ்வொருவரும் தமக்கு மாற்றாக ஒருவரைப் பிடித்துத் தந்துவிட்டே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். பௌதிகருக்கு மாற்றாக உயிரியல் மாணவி ஒருவர் சிக்கினார். கணுக்கால் ஏன் எப்போதும் வெளிப்பக்கமே சுளுக்குகிறது என்று கேட்டோம். தசைநார்ப் படத்தோடு மறுநாளே வந்து நின்றார். பிழை திருத்துவோர், தம்மைவிடக் கடுமையான ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார். எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. எனக்கு மாற்றுத்தான் இன்னும் அகப்படவில்லை.

அதனால் இப்பக்கத்தைப் படிக்கும் முதலாண்டு நண்பர்களுக்கு ஒரு கேள்வி. திடலில் மேற்குப் பக்கத்து வளையம், இருக்க வேண்டிய 305 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று மூன்றாண்டுகளாக வழக்கு நடக்கிறது. தோற்ற அணியெல்லாம் அதைச் சொல்கிறது. வென்ற அணியெல்லாம் மறுக்கிறது. இதுவரை யாரும் ஏறி அளக்கவில்லை. அளந்து எழுதுபவருக்கு முதல் பக்கம். ஏணி விடுதிக் காவலர் அறைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. அளவு நாடா என்னிடம் இருக்கிறது.